ரிங் ஓரத்துப் பல் டாக்டர்

காட்டுப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் கிளினிக் இருக்கிறது. பதினான்கு வருஷமாகப் பல் பார்க்கிறேன். பிடுங்குவேன், அடைப்பேன், வேர் சிகிச்சை செய்வேன், வயதானவர்களுக்கு செட் கட்டுவேன். குத்துச்சண்டையை டி.வி.யில்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒருவன் கர்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு படியேறி வந்தான். கர்சீப்பை எடுத்தால் முன்பல் இரண்டும் பாதியாக உடைந்திருந்தன.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. வீடு திருமுல்லைவாயில். திருமழிசை எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் பாக்ஸிங். மாநில அளவில் ஒரு மெடல் வாங்கிவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏதாவது சர்க்கார் வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

“வாயில கார்ட் எதுவும் போடலயா?” என்றேன்.

“கடைல வாங்குன கம்ஷீல்டு மேடம். வெந்நீல போட்டுக் கடிக்கணும்னாங்க, கடிச்சேன். மொத குத்துல ஷீல்டு வுழுந்துச்சு, ரெண்டாவது குத்துல பல்லு வுழுந்துச்சு” என்று சொல்லி அவனே சிரித்தான். ரத்தத்தோடு சிரித்தான்.

பல்லைச் சரிசெய்த பிறகு, அவன் வாய்க்கு அளவெடுத்து ஒரு கம்ஷீல்டு செய்து கொடுத்தேன். அது நன்றாக உட்கார்ந்துவிட்டது. அவன் போய் நாலு பேரிடம் சொன்னான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் வர ஆரம்பித்தார்கள். நான் வாசலில் ஒரு சின்ன போர்டு வைத்தேன்: ‘பாக்ஸிங் வீரர்களுக்கு கம்ஷீல்டு. பல்லுக்கும் மூளைக்கும் பாதுகாப்பு.’ மூளையைப் பற்றிய பகுதியை எங்கேயோ கேட்டிருந்தேன். உண்மைதானா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. போர்டில் நன்றாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் செயலாளர். அம்பத்தூரில் ஒரு கிளப் நடத்தினார். அந்த வட்டாரத்து பாக்ஸிங் சங்கத்துக்கும் அவரே செயலாளர். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுவார். கடைவாய்ப்பல்லுக்கு மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை நாற்காலியிலிருந்து எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மேடம், டோர்னமென்ட்ல ரிங் பக்கத்துல ஒரு டாக்டர் உக்காரணும். ரூல். ஞாயித்துக்கிழமைன்னா ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து உக்காந்தா போதும்.”

“சார், நான் பல் டாக்டர்.”

“டாக்டர்னா டாக்டர்தானே மேடம். ஃபார்ம்ல பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் கேக்குறாங்க. இன்னா டாக்டர்னு யாரும் கேக்கலயே.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், “நீ பல் டாக்டர்தானே, உனக்கெப்படித் தெரியும்” என்று என்னைத் தாண்டிப் போவார்கள். படிப்பு முடித்த நாளிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன். இங்கே ஒருவர் என்னை டாக்டர் என்று மட்டும் சொல்கிறார். போனேன். ஒரு பேனா டார்ச் வாங்கிக்கொண்டு போனேன்.

முதல் மூன்று ஞாயிறுகளில் ஒன்றும் நடக்கவில்லை. மூக்கு உடைந்தால் பஞ்சு வைத்தேன். புருவம் கிழிந்தால் பிளாஸ்திரி போட்டேன். துண்டு விரித்த நாற்காலி, தனி மேஜை, இளநீர். உள்ளே வருகிறவன் எல்லாம் “குட்மார்னிங் டாக்டர்” என்றான். எனக்குப் பிடித்துவிட்டது.

விதிகள் எழுதிய தாள் ஒன்றை மேஜைமேல் ஒட்டியிருந்தார்கள். இடைவேளையில் அதைப் படிப்பேன். தலையின் பின்பக்கத்திலும் பிடரியிலும் குத்தக் கூடாது. குத்தினால் ரெஃப்ரி எச்சரிக்க வேண்டும், புள்ளியைக் குறைக்க வேண்டும், மறுபடி மறுபடி செய்தால் வெளியே அனுப்ப வேண்டும். சண்டையை நிறுத்தச் சொல்ல டாக்டருக்கு அதிகாரம் உண்டு. இந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

நான்காவது ஞாயிறு அம்பத்தூரில். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காலி மனையில் பந்தல் போட்டு ரிங் அமைத்திருந்தார்கள். சித்திரை வெயில். பந்தலுக்குள் காற்றே இல்லை. மூன்று மணிக்கு முடிய வேண்டிய போட்டி நாலு மணிக்குத்தான் இறுதிக்கு வந்தது. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் செயலாளர் நின்றுகொண்டிருந்தார்.

சிவப்பு மூலையில் என்னிடம் பல் கட்டியவன். நீல மூலையில் செயலாளரின் கிளப்பைச் சேர்ந்த ஆவடிக்காரன். இவனைவிட இரண்டு வயது பெரியவன், தோள் அகலம். பெரியவர்கள் பிரிவு என்பதால் இருவர் தலையிலும் ஹெட்கார்ட் கிடையாது. இருவர் வாயிலும் நான் செய்த கம்ஷீல்டு.

முதல் சுற்றில் நம்மாள்தான் மேலே. கால் வேகம் அதிகம். ஆவடிக்காரனின் முகத்தைத் தொட்டுத் தொட்டு விலகினான். கூட்டம் ஆவடிக்காரனைக் கேலி செய்தது. இரண்டாவது சுற்று தொடங்கியதும் ஆவடிக்காரன் கிட்டே வந்து கட்டிப்பிடிக்க ஆரம்பித்தான். இடது கையால் இவன் கழுத்தை வளைத்துத் தலையைக் கீழே அமுக்குவான். ரெஃப்ரி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பான். அவர் பார்க்காத பக்கமாக உடம்பைத் திருப்பிக்கொண்டு வலது கையால் இவன் பின்மண்டையில் இறக்குவான். அவனுக்கு அது புதிது இல்லை என்பது எனக்கே தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்று. இரண்டு. இரண்டாவதுக்கு ரெஃப்ரி, “பின்னால அடிக்காத” என்று விரலை ஆட்டினார். அவ்வளவுதான். மூன்றாவது குத்து காதுக்குப் பின்னால் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது மாதிரி சத்தம் வந்தது. இவன் ஒரு முழங்காலில் உட்கார்ந்தான்.

தப்பான குத்து என்று ரெஃப்ரி சண்டையை நிறுத்தியிருக்க வேண்டும். அவர் எண்ணத் தொடங்கினார். எட்டு எண்ணியபோது இவன் எழுந்து நின்றான். நின்ற விதம் சரியில்லை. வீட்டுக்குள் எந்த அறைக்கு வந்தோம் என்று மறந்துபோனவர்கள் நிற்பார்களே, அப்படி. ரெஃப்ரிக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

புடவையைப் பிடித்துக்கொண்டு மரப்படியில் ஏறினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி இடம்தான். அவன் கயிற்றோரம் வந்து நின்றான். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்பாப்பாவும் சுருங்கின. பேர் கேட்டேன், சொன்னான். “எத்தனையாவது ரவுண்டு?” என்றேன்.

“மொத ரவுண்டு மேடம்.”

இரண்டாவது சுற்று அது. அவன் பதில் தப்பு என்று எனக்குத் தெரியும். அந்த நொடியில், எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரியும்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “பல்லப் புடுங்கிட்டு வுடு மேடம்!” பந்தல் முழுக்கச் சிரித்தது. இன்னொருவன், “மாமே, பல்லு டாக்டரு மண்டைய பாக்குது பாரு” என்றான். மறுபடி சிரிப்பு. முன்வரிசைப் பெரிய மனிதரும் சிரித்தார். செயலாளர் படிக்குக் கீழே வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: “ஃபைனல் மேடம். அவரு கெளம்பணும். பையன் நல்லாத்தான் கீறான்.”

அவருக்காகவோ பெரிய மனிதருக்காகவோ நான் அதைச் செய்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு அந்தப் படியிலிருந்து இறங்க வேண்டும். அத்தனை பேர் பார்க்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பு நழுவ நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ‘இவங்களுக்கு என்ன தெரியும்’ என்பார்கள். ரெஃப்ரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். “ஓகே” என்றேன்.

மூன்றாவது சுற்றில் பின்மண்டையில் இன்னும் இரண்டு விழுந்தன. அவற்றுக்கு விரலாட்டல்கூட இல்லை. ஆவடிக்காரன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். பெரிய மனிதர் கோப்பையைக் கொடுத்துவிட்டு நாலரைக்குக் கிளம்பிப் போனார்.

இவன் கிளவுஸைக் கழற்றிவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான்.

“நான் கெலிச்சனா மேடம்?”

“இல்லப்பா. அவன்தான்.”

“ஓ” என்றான். தண்ணீர் குடித்தான். “தல கிர்ருங்குது மேடம். நான் கெலிச்சனா?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் முறையும் அதையே கேட்டான். நான் பையைத் திறந்து, பல் பிடுங்கியவர்களுக்குக் கொடுக்கிற வலி மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிற வகை அது. தலையில் அடிபட்டவனுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று பி.டி.எஸ். படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், யோசித்திருந்தால். யோசிக்கவில்லை. பசி, வெயில், வீட்டுக்குப் போக வேண்டும்.

“வண்டி ஓட்டலாமா மேடம்?”

“மெதுவா போ” என்றேன்.

அவன் போன பிறகு, செயலாளர் கட்டாகக் கொடுத்த ஃபார்ம்களில், அன்றைக்குச் சண்டை போட்ட எல்லோருக்கும் சேர்த்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். சண்டைக்குப் பிந்தைய பரிசோதனை என்ற கட்டத்தை எல்லாவற்றிலும் காலியாக விட்டேன். “அப்புறம் ஃபில் பண்ணிக்கலாம் மேடம்” என்றார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தூங்கினேன்.

அவன் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்திருக்கிறான். வீட்டுக்குப் போய், தோற்றுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் குறட்டை விட்டிருக்கிறான். அலுப்பு என்று அம்மா விட்டுவிட்டாள். ராத்திரி ஏழு மணிக்கு எழுப்பினால் எழவில்லை. ஆட்டோவில் போட்டு ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னைக்குள் அரசு மருத்துவமனை. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செயலாளர் கிளினிக்குக்கு வந்தார். அவனுடைய ஃபார்மை மட்டும் தனியாக எடுத்து வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“மேடம், இந்தக் கட்டம் காலியா கீது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அட்வைஸ் பண்ணேன், பையன் மறுத்துட்டான்னு எழுதிடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது.”

“நான் அப்படிச் சொல்லலயே சார்.”

“சொல்லியிருப்பீங்க மேடம், ஞாபகம் இல்ல உங்களுக்கு. எந்த டாக்டர்தான் சொல்ல மாட்டாங்க?” ஃபார்மை என் முன்னால் வைத்தார். “கேஸ்னு வந்தா, பல் டாக்டர் எப்படி அங்க உக்காந்தாங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க. உங்க ரிஜிஸ்ட்ரேஷன் போயிடும். எனக்கு இன்னா, நான் சங்கத்த வுட்டுட்டுப் போயிடுவேன்.”

எழுதினேன். என் பேனாவில், என் கையெழுத்தில், இரண்டு வரி. வெளியே ஒரு அம்மாள் பல் சுத்தம் செய்யக் காத்திருந்தாள். எழுதி முடித்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதும் ஒரு காரணம். வராந்தாவில் அவன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். புருஷன் இல்லை, ஒரே பிள்ளை. அன்று காலை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள், அடையாள அட்டைகூட இன்னும் கழுத்தில் தொங்கியது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாம்மா அது? செயலாளர் சார் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு நீங்க அத்தினி தபா சொன்னீங்களாமே. கேக்காத வண்டிய எடுத்துகினு வந்துட்டானே பாவி. திமிரு புடிச்சவன், சாவட்டும்” என்று சொல்லி அழுதாள்.

நான் “அழாதீங்கம்மா” என்றேன். கண்ணாடிக் கதவு வழியாக அவனைக் காட்டினாள். தலையின் வலதுபக்கம் பள்ளமாக இருந்தது. “மண்ட எலும்பு ஒரு துண்டு எடுத்துட்டாங்க. வயித்துல தோலுக்கு உள்ளாற வெச்சித் தெச்சிகீறாங்க. வீக்கம் வத்துனா திரும்ப எடுத்து வெப்பாங்களாம். மண்டைய வயித்துல வெச்சிகினு படுத்துகினு கீறான் பாருங்க.”

அவள் போலீஸுக்குப் போகவில்லை. எதற்குப் போவாள்? தப்பு அவள் மகனுடையது என்று காகிதம் இருந்தது.

அடுத்த மாதம் ஆவடிக்காரன் கிளினிக்குக்கு வந்தான். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். பழைய கம்ஷீல்டைக் கடித்துத் தேய்த்துவிட்டான், புதிது வேண்டும். அளவெடுக்கிற மாவைக் குழைத்து அவன் வாயில் வைத்து அது இறுகும்வரை காத்திருந்தேன். வெளியே எடுத்ததும் கேட்டேன்.

“பின்மண்டையில அடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். கோபப்படவில்லை. “தெரியும் மேடம். எனக்கும் அடிச்சிகீறானுங்க, எத்தினியோ வாட்டி. ரெஃப்ரி பாக்காத சைடு அடிக்கணும், அவ்ளோதான்.”

“அவன் நிலைமை தெரியுமா?”

“தெரியும். பாவம் மேடம்.” துண்டால் வாயைத் துடைத்தான். “அவன் கீழ உக்காந்தப்போ எனக்கே பயமாயிடுச்சு. நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க ஏறி வந்து பாத்துட்டு ஓகேன்னீங்களா, சரி, ஒண்ணும் இல்லன்னு திரும்ப அடிச்சேன்.”

அவனுக்கு நல்ல ஷீல்டு செய்து கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு என்னிடமே வந்தாள். எலும்பைத் திரும்ப வைத்துவிட்டார்கள். இடது கை சரியாக வரவில்லை. வலிப்பு வருகிறது, அதற்குத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை சிலருக்கு ஈறை வளர்த்துவிடும். அவனுக்கு முன்பற்களைப் பாதி மூடுமளவு ஈறு வளர்ந்து ரத்தம் கசிந்தது. நான் கட்டிய இரண்டு பற்களும் அதற்குள் புதைந்துகொண்டிருந்தன.

நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு வந்தன.

“சாரி மேடம். உங்க... பேச்ச கேக்கல.”

“சொல்லு, நல்லாச் சொல்லு” என்றாள் அம்மா. “தெனம் சொல்றேன் டாக்டரம்மா. மாத்திர முழுங்க மாட்டேன்னு அடம். அன்னிக்கு டாக்டரம்மா பேச்ச கேக்காததாலதான இப்டி கீற, இப்போ இத்தயாவது கேளுடான்னு. காலைல, மதியானம், ராத்திரி, மூணு வேளயும் இதான் பாட்டு.”

“பரவால்லப்பா” என்றேன் அவனிடம். அவனை மன்னித்துவிட்டேன். அவன் முகம் தெளிந்தது. வாயைத் திறந்து காட்டினான். மரத்துப்போக ஊசி போட்டு ஈறைச் சீவி எடுத்தேன்.

அன்றைக்குப் பிறகு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை என்று எழுதலாம். சாப்பிட்டேன். கிளினிக்கும் நடந்தது. ஆனால் அந்த மூன்று வேளை நினைவில் மாட்டிக்கொண்டது. காலையில் பல் தேய்க்கும்போது, இந்நேரம் அவனைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தோன்றும். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி திருமுல்லைவாயில் போனேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் குறுகலான தெரு. சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அவன் தரையில் சுவரில் சாய்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து மெஸ்ஸிலிருந்து அம்மா வாங்கி வந்து கொடுப்பாளாம், கைக்குப் பயிற்சியாகவும் இருக்கும் என்று. அவள் எனக்கு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, காபி போடப் போனாள். வேண்டாம் என்று தடுத்து, உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையாவது சுற்று என்று கேட்டது, அவன் தப்பாகச் சொன்னது, ஓகே சொன்னது, மாத்திரை, வண்டி, மறுநாள் எழுதிய இரண்டு வரி.

அவள் குறுக்கே பேசவில்லை. பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நீங்க போவச் சொல்லல.”

“இல்ல.”

“வண்டில போடான்னு சொன்னது நீங்க.”

“ஆமா.”

அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“எட்டு மாசமா நான் இவன அடிச்சிகினு கீறேன்” என்றாள். “திட்டுனது மட்டும் இல்ல. அடிப்பேன். மாத்திரய துப்பினா அடிப்பேன். உன் பேச்ச கேக்காதவன்னு சொல்லிச் சொல்லி அடிப்பேன். ரெண்டு வாட்டி மண்ட மேலயே அடிச்சிட்டேன். தெச்ச எடத்துல. அன்னிக்கு ராத்திரி ஃபிட்ஸ் வந்துச்சு அவனுக்கு. நீ எழுதுன எழுத்துக்கு நான் அடிச்சேன்.”

நீங்க என்றவள் நீ என்றதை அப்போதுதான் கவனித்தேன். “அவன்கிட்ட சொல்லு” என்றாள். “எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அதோ கீறான். அவன்கிட்ட சொல்லு.”

அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவன் உரிப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாக நிமிர்ந்தான். மறுபடி முதலிலிருந்து, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். நான் உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவே இல்லை. தப்பு என்னுது. உன்னுது இல்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்தான். முதல் நாள் ரத்தத்தோடு சிரித்த அதே ஆள்தான்.

“இல்ல மேடம். சொன்னீங்க.”

“சொல்லலப்பா.”

“எனக்கு... நல்லா ஞாபகம் கீது. பச்ச சுடிதார் போட்டுகினு இருந்தீங்க. என் கைய புடிச்சிகினீங்க. தம்பி, போவாத, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா, வண்டிய எடுக்காதன்னீங்க. நான்தான்... கைய உதறிட்டுப் போயிட்டேன்.” பச்சைச் சுடிதாரே என்னிடம் கிடையாது. அவன் உதறியதாகச் சொன்ன கையை அவனுக்கு நான் நீட்டவே இல்லை. “அன்னிக்கு நடந்ததுல எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல மேடம். குத்துனது, வுழுந்தது, ஒண்ணும் இல்ல. இது ஒண்ணுதான் கீது.”

எவ்வளவு சொல்லியும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், நான் அவனைச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று முடிவு செய்துகொண்டான். “நீங்க ரொம்ப நல்லவங்க மேடம்” என்றான். அம்மா வாசலில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

நான் கிளம்பும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்து நீட்டினாள். “எழுதிக் குடு. அன்னிக்கு எழுதுன மாரி எழுதிக் குடு.” நின்றபடியே இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள், தையலில் பிசிறு தேடுகிறவளைப்போல வரி வரியாக. மாத்திரை கொடுத்ததை நான் விட்டிருந்தேன். “அத்தயும் எழுது” என்றாள். எழுதினேன்.

அதை எடுத்துக்கொண்டு அவள் சங்கத்துக்குப் போனாள், லீவு போட்டு மூன்று முறை. மூன்றாம் முறை போன அன்று செயலாளர் எனக்கு போன் செய்தார். குரல் எப்போதும்போல மென்மையாக இருந்தது.

“மேடம், கமிட்டில வெச்சிப் பாத்தோம். ரெண்டு பேப்பர் கீது, ரெண்டுலயும் உங்க கையெழுத்து. சம்பவம் நடந்த அடுத்த நாள் எழுதுனத நம்புறதா, எட்டு மாசம் கழிச்சி எழுதுனத நம்புறதா, நீங்களே சொல்லுங்க.”

“ரெண்டாவதுதான் உண்மை.”

“அப்போ மொதல்ல எழுதுனது பொய்யின்னு ஆவுது. பொய் எழுதுறவங்க எழுதுன ரெண்டாவது பேப்பர எப்படி மேடம் எடுத்துக்கறது?”

அவர் அவசரப்படாமல் என் பதிலுக்குக் காத்திருந்தார். அடுத்த வருஷமும் டோர்னமென்ட் நடந்தது. டாக்டர் நாற்காலியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆவடிக்காரனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்துவிட்டது. கிளினிக்கில் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி ஸ்வீட் பாக்ஸ் ஒன்றை மருந்துக்கடையில் விட்டுப் போயிருந்தான். பல் கவுன்சிலுக்கு நானே எழுதிப் போடலாம். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் போடவில்லை. வாசல் போர்டை மட்டும் எடுத்துவிட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது.

அவள் அவனை அதன் பிறகு என்னிடம் கூட்டி வரவில்லை. போன மாதம் ஆவடியிலிருந்து ஒரு இளம் பல் டாக்டர் போன் செய்தாள். அவனுக்கு ஈறு மறுபடி வளர்ந்துவிட்டதாம். பழைய விவரம் வேண்டும் என்று என் நம்பரை அம்மாவிடம் வாங்கியிருக்கிறாள்.

“தலையில அடிபட்டதும் மொதல்ல பாத்தது நீங்கதான்னு சொன்னாங்க டாக்டர். அப்போ கான்ஷியஸா இருந்தாரா?”

“இருந்தான். ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேட்டான்.”

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. “நீங்க என்ன குடுத்தீங்க?”

மாத்திரையின் பெயரைச் சொன்னேன். எழுதுவது நின்றது.

“அதையா குடுத்தீங்க?” என்றாள்.

“ஆமா.”

“சரி டாக்டர்” என்றாள். வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.